வாரத்துக்கு 12 மணி நேரம் மட்டும் வேலை பார்க்கும் சிறுநீரகம்

நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கின்றன. டயாலிசிஸ் மெஷின் அதே வேலையை வாரம் மூன்று முறை, முறைக்கு 4 மணி நேரம் என்று மொத்தம் 12 மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறது. மீதி 156 மணி நேரமும் கழிவு, தண்ணீர், உப்பு எல்லாம் உடம்பிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். இப்படி மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவருக்குச் சொல்லப்படும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை, தண்ணீர் அளவிலிருந்து இளநீர்த் தடை வரை, இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை.

நம் ஊர் டயாலிசிஸ் வார்டுகளில் கட்டளைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. காரணங்கள் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. "தண்ணி கம்மியா குடிங்க, பழம் தொடாதீங்க, உப்பைக் குறைங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. டாக்டருக்கு நேரமில்லை, டெக்னீஷியனுக்கு அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் காரணம் தெரியாத கட்டளையை யாரும் நெடுநாள் கடைப்பிடிப்பதில்லை. காரணம் தெரிந்துவிட்டால், எதில் கறாராக இருக்க வேண்டும், எதில் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம் என்பது நோயாளிக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு பயத்தைப் பேசிவிடலாம். "ஒரு தடவை டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டா அப்புறம் விடவே முடியாது, முடிஞ்சவரைக்கும் தள்ளிப்போடு" என்று சொல்லும் உறவினர் இல்லாத வீடு ஒன்றுகூட இருக்காது. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு போன்றவற்றால் சிறுநீரகம் திடீரென்று வேலையை நிறுத்தும்போது, சில நாளோ சில வாரமோ டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் தேறியதும் அதை நிறுத்திவிட்டு வீடு திரும்புகிறவர்கள் நிறைய. சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு போன்றவற்றால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டுப்போன சிறுநீரகம் மீள்வதில்லை. அதனால்தான் அவர்களுக்கு டயாலிசிஸ் தொடர வேண்டியிருக்கிறது. மெஷின் யாரையும் பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் எமர்ஜென்சிக்கு வருகிறார்கள். கழுத்து ரத்தக்குழாயில் அவசரமாக 'லைன்' என்ற குழாயைப் போட்டு அவர்களுடைய முதல் டயாலிசிஸ் நடக்கிறது. மாதங்களுக்கு முன்பே கையில் பிஸ்டுலா (ஊசி குத்துவதற்கான ரத்தக்குழாய் இணைப்பு) வைத்துக்கொண்டு, தானே நடந்து வந்து ஆரம்பிப்பவரின் நிலைமை இதைவிடப் பல மடங்கு நல்லது.

மெஷின் செய்வதும் செய்யாததும்

வார்டில் பலரும் 'ஃபில்டர்' என்று சொல்லும் டயாலைசருக்குள் முடியைப் போல மெல்லிய, உள்ளே குழலாக இருக்கும் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இழைக்குள்ளே ரத்தம் நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லி வரை ஓடும், சிலருக்கு அதற்கு மேலும். இழைக்கு வெளியே, எதிர்த்திசையில், மெஷின் கலந்து தரும் திரவம் நிமிடத்துக்குச் சுமார் 500 மில்லி ஓடும். இழையின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் போன்ற சிறிய மூலக்கூறுகள் வெளியே போகும். சிவப்பணுவும் புரதமும் உள்ளேயே தங்கிவிடும். உடம்பில் அமிலம் கூடாமல் பார்த்துக்கொள்ளும் பைகார்பனேட் திரவத்திலிருந்து ரத்தத்துக்குள் வரும். அதிகப்படித் தண்ணீரை அழுத்த வித்தியாசத்தால் மெஷின் இழுத்தெடுக்கும்.

நிமிடத்துக்கு 500 மில்லி என்றால் 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர். ஒரு மெல்லிய சுவருக்கு அப்பால் உங்கள் ரத்தத்தைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிற தண்ணீர் இது. டயாலிசிஸ் மையத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது அதனால்தான். மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.சி.யும் டி.வி.யும் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் தண்ணீர்ப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது என்று கேட்பதில்லை. கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில்.

மெஷினால் முடியாத வேலைகளும் உண்டு. ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம்தான் சுரக்கிறது. மெஷினுக்கு அது தெரியாது. டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் அந்த ஊசி போடுவதும், இரும்புச்சத்தை நரம்பு வழியே ஏற்றுவதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் வேலையும் அப்படியே நின்றுபோகிறது. பாஸ்பரஸ் இன்னொரு தொல்லை. அதில் பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும் உட்கார்ந்திருப்பதால் 4 மணி நேரத்தில் கொஞ்சம்தான் வெளியே வரும். ஆக, "டயாலிசிஸ்தான் பண்றோமே, மாத்திரை எதுக்கு" என்ற கேள்விக்கு மெஷினின் வரம்புகளே பதில்.

செய்த டயாலிசிஸ் போதுமானதாக இருந்ததா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தொடங்கும் முன் யூரியா 150, முடிந்ததும் 50 என்றால் 100 குறைந்திருக்கிறது, அதாவது சுமார் 67 சதவீதம். வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கு இது 65 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உலகளவில் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு. மாதம் ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தொடர்ந்து குறைவாக வந்தால் நேரம் போதவில்லை, அல்லது பிஸ்டுலாவில் ரத்த ஓட்டம் போதவில்லை, அல்லது ஃபில்டர் சரியில்லை. "இன்னிக்கு அரை மணி நேரம் முன்னாடியே எடுத்துவிடுங்க" என்று நாமே டெக்னீஷியனிடம் கெஞ்சி வாங்கிய சலுகைகளும் இந்த எண்ணில்தான் வந்து நிற்கும்.

கையில் இருக்கும் உயிர்நாடி

நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1943இல் முதல் டயாலிசிஸ் மெஷினை மனிதர்களுக்குப் பயன்படுத்தியபோது, தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செலோபேன் குழாய்தான் அவருடைய ஃபில்டர். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. சில தடவைக்கு மேல் திறப்பதற்குக் குழாய் மிஞ்சாது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையில் நிரந்தரமாக டெஃப்லான் குழாய் பொருத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் நாள்பட்ட நோயாளிகளுக்கு டயாலிசிஸ் சாத்தியமானது. 1966இல் பிரெசியா, சிமினோ ஆகியோரின் குழு நியூயார்க்கிலிருந்து வெளியிட்ட முறைதான் இன்று நாம் செய்துகொள்ளும் பிஸ்டுலா. மணிக்கட்டில் தமனியை அருகிலுள்ள சிரையோடு தைத்து இணைத்துவிடுகிறார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்வதால் சிரை சில வாரங்களில் தடித்து, ஊசி குத்தத் தோதாகிறது. இதற்கு ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும், சிலருக்கு அதைவிட அதிகம். அதனால்தான் முன்கூட்டியே வைக்கச் சொல்கிறார்கள்.

பிஸ்டுலா இருக்கும் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப்ஸ் ஏற்றக் கூடாது. வேறு ஏதோ காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகும்போது நர்ஸுக்கு இது தெரியாமல் போகலாம். கையை நீட்டும் முன் நாம்தான் சொல்ல வேண்டும். இறுக்கமான வளையல், வாட்ச், அந்தக் கையில் தலைவைத்துத் தூங்குவது, குடம் தூக்குவது, எல்லாம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். தினம் காலையிலும் இரவிலும் விரலை வைத்துப் பார்த்தால் மெல்லிய அதிர்வு தெரியும். வார்டில் அதை 'த்ரில்' என்பார்கள். அது நின்றுவிட்டால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது என்று பொருள். அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றே ஓடினால் பல நேரம் காப்பாற்றிவிடலாம். ஊசி குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது சின்ன விஷயம், ஆனால் கிருமித்தொற்றை வெகுவாகக் குறைக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்த விடாதீர்கள். "அங்கேதான் வலிக்காது" என்று நாமே காட்டிக்கொடுப்பது வழக்கம். அந்த இடம் நாளடைவில் வீங்கி, தோல் மெலிந்து, வெடிக்கும் அபாயம்வரை போகும். வீட்டில் திடீரென்று ரத்தம் பீறிட்டால் துணி சுற்றி நேரத்தைப் போக்காமல், ரத்தம் வரும் அந்தப் புள்ளியிலேயே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

கழுத்தில் லைன் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் குழாய் நேரே இதயத்தின் வாசல் வரை போகிறது. அதில் கிருமி ஏறினால் நேரே ரத்தத்தில் கலந்துவிடும். நனையக் கூடாது, டயாலிசிஸ் தவிர வேறெதற்கும் அதைத் திறக்கக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும்போது நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் காய்ச்சல் இல்லை அது; வார்டிலேயே ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். லைன் என்பது தற்காலிக ஏற்பாடு. பிஸ்டுலா ஆபரேஷனுக்குப் பயந்து வருடக்கணக்கில் லைனோடு இருப்பவர்களைப் பார்க்கும்போது, யாராவது அவர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று தோன்றும்.

தாகத்துக்குக் காரணம் தண்ணீர் இல்லை, உப்பு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உடம்பில் அதிகப்படி நீர் இல்லாத நிலையில் ஒருவரின் எடைதான் 'டிரை வெயிட்'. அது 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து 64 கிலோவோடு வந்தால் 4 லிட்டர் எடுக்க வேண்டும். ஆனால் மெஷின் எடுப்பது ரத்தத்திலிருந்து; உடம்பில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான். காலிலும் நுரையீரலிலும் தேங்கிய நீர் மெதுவாக ரத்தக்குழாய்க்குள் வரவர, மெஷின் அதை எடுக்க வேண்டும். ஊற்று ஊறுகிற வேகத்தைவிட மோட்டார் வேகமாக இறைத்தால் கிணறு வறண்டுபோகிறதல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. கொட்டாவி, வியர்வை, கண் இருட்டுவது, பி.பி. இறங்குவது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது எல்லாம் அந்த வறட்சியின் அடையாளங்கள்.

எவ்வளவு வேகம் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுத்தால் இதயத்துக்குக் கெடுதல் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லி, 4 மணி நேரத்தில் 3.1 லிட்டர். அதுவே உச்சவரம்பு. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒவ்வொரு தடவையும் வேகமாக நீர் எடுக்கப்படும்போது இதயத் தசைக்கு ரத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் இதயம் பலவீனமாகிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் எடுப்பது இதய நோய்தான் என்பதை நினைவில் வைத்தால் எடை மெஷினைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்போம்.

சரி, தண்ணீரை எப்படிக் குறைப்பது? "வாயைக் கட்டு" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது நியாயமில்லாத அறிவுரை. ரத்தத்தின் உப்புத்தன்மையை உடம்பு மாறாமல் காக்கும். அந்தச் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்குச் சமம். சாப்பாட்டில் 9 கிராம் உப்பு உள்ளே போனால், அதைச் சிறுநீரில் தள்ள வழியில்லாத உடம்பு, ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டே தீரும். அந்தத் தாகத்தை மன உறுதியால் வெல்ல முடியாது, வெல்லச் சொல்வதும் கொடுமை. உப்பைக் குறைத்தால் தாகம் தானாக அடங்கும். நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், எல்லா உப்பும் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, வற்றல், சிப்ஸ், மிக்சர், உடனடி நூடுல்ஸ், ஹோட்டல் சாம்பார் ஆகியவற்றை விட்டாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு என்று ருசிக்கு நம் சமையலறையில் பஞ்சமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்துப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் அது சிறுநீரகத்துக்கு மருந்து என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், கல் உப்பைப் போலவே. கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது இன்னும் மோசம். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ரத்தக்கொதிப்பு மட்டும் இருப்பவருக்கு அது நல்லதாக இருக்கலாம், டயாலிசிஸ் நோயாளியின் சமையலறைக்குள் அது வரவே கூடாது.

எவ்வளவு குடிக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இன்னும் சிறுநீர் வருபவர்களுக்குப் பொதுவாக, 24 மணி நேரச் சிறுநீர் அளவோடு 500 மில்லி சேர்த்து ஒரு நாள் கணக்கு போடுவார்கள். காபி, டீ, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை ஊற்றி வைத்துக்கொண்டு, எதைக் குடித்தாலும் அதே அளவை அதிலிருந்து கொட்டிவிடுவது நல்ல வழி. இப்போதும் வரும் அந்தக் கொஞ்ச நஞ்சச் சிறுநீர் பெரிய சொத்து. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத சூரணங்களும் அந்தச் சொத்தைச் சீக்கிரம் காலி செய்யும்.

டிரை வெயிட் நிரந்தரமான எண் கிடையாது. சரியாகச் சாப்பிடாமல் சதை குறைந்தால், எடை மெஷின் அதே 60-ஐக் காட்டும். ஆனால் குறைந்த சதையின் இடத்தில் தண்ணீர் இருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீக்கம் போகவில்லை, டயாலிசிஸ் முடிந்தும் பி.பி. இறங்கவில்லை என்றால் எண்ணைக் குறைக்க வேண்டியிருக்கலாம். பசி திரும்பி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தவருக்கு ஒவ்வொரு முறையும் கால் இழுத்தால், எண்ணைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

இளநீரும் ஞாயிற்றுக்கிழமையும்

பொட்டாசியம் கூடினால் பெரும்பாலும் முன்னறிவிப்பு கிடையாது. சிலருக்குக் கால் கனத்துத் தளரும், சிலருக்கு அதுவும் இல்லாமல் நேரே இதயத் துடிப்பு தடுமாறும். தமிழ்நாட்டில் இதன் முதல் குற்றவாளி இளநீர். உடம்புக்கு நல்லது, சூட்டைத் தணிக்கும் என்று பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் பொருள் அது. அதில் தண்ணீரும் பொட்டாசியமும் ஒரு சேர இருக்கின்றன. வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ், உலர்திராட்சை, பேரீச்சை, கீரைச் சாறு, சூப் எல்லாம் அடுத்த வரிசை. ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி, அன்னாசியில் ஒரு துண்டு என்று டாக்டர் அளவு சொல்லித் தருவார். நட்சத்திரப் பழத்தை மட்டும் தொடவே கூடாது. அதில் உள்ள நச்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதவர்களுக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வந்து உயிரே போயிருக்கிறது. உருளை, கிழங்கு வகைகள், காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேறு தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும்.

அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்தின் நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணங்களும் இதயக் கோளாறுகளும் அதிகம் என்று காட்டியது. திங்கள், புதன், வெள்ளி செய்பவருக்கு வெள்ளியிலிருந்து திங்கள் வரை உள்ளது நீண்ட இடைவெளி. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விருந்து, பிரியாணி, கல்யாணப் பந்தி எல்லாம் சரியாக அங்கேதான் வந்து விழுகின்றன. மற்ற நாளில் கொஞ்சம் நெகிழ்ந்தாலும் அந்த இரண்டு நாள் கறாராக இருப்பது நல்லது. விசேஷத்துக்குப் போயே ஆக வேண்டுமென்றால் டயாலிசிஸுக்கு முந்தைய வேளையில் சாப்பிடுவது ஓரளவு பாதுகாப்பு.

இங்கே ஒரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள். திங்களும் வியாழனும் என்றால் ஓர் இடைவெளி மூன்று நாள், மற்றது நான்கு நாள். வாரம் மூன்று முறை செய்பவரின் மிக நீண்ட இடைவெளி எதுவோ, அதுவே இவருடைய குறுகிய இடைவெளி. சிறுநீர் இன்னும் நன்றாக வருகிறவர்களுக்கு டாக்டர்களே யோசித்து இரண்டில் ஆரம்பிப்பதுண்டு, அது வேறு. சிறுநீர் நின்ற பிறகும் செலவுக்கும் தூரத்துக்கும் பயந்து இரண்டிலேயே நிற்பது உடம்பின் கணக்குக்கு ஒத்துவராது. 'இரண்டு போதும்' என்று யாராவது சொன்னால், அது மருத்துவக் காரணத்துக்காகச் சொன்னதா, இடமில்லாததால் சொன்னதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை இருக்கிறது. மழை வெள்ளத்தாலோ முழு அடைப்பாலோ ஒரு முறை போக முடியாமல் போனால் அன்றிலிருந்தே தண்ணீரையும் உப்பையும் பாதியாக்கி, பழம், காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். போன பிறகு நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

தலைகீழாக மாறும் ஒரு விதி

டயாலிசிஸுக்கு முந்தைய வருடங்களில் "பருப்பு, முட்டை, கறி குறைங்க" என்று சொல்லியிருப்பார்கள். புரதத்தின் கழிவை வெளியேற்றச் சிறுநீரகம் சிரமப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது. டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து இது அப்படியே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் மெஷினில் போய்விடுவதால், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் என்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பாருங்கள். பழைய அறிவுரையை யாரும் ரத்து செய்யாததால் வீட்டில் அதையே தொடர்ந்து, ஆளை எலும்பும் தோலுமாக்கிவிடுகிறார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, மீன், கோழி ஆகியவை நல்லவை. சைவமாக இருப்பவர்கள் பருப்பு, பனீர், சோயாவை எவ்வளவு என்று உணவு ஆலோசகரிடம் கேட்டுத் திட்டமிட வேண்டும்.

பாஸ்பரஸுக்குத் தரும் மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் விழுங்குவது வீண். கோலா பானங்களும், பாக்கெட்டில் பதப்படுத்திய இறைச்சியும் வேண்டாம். தீராத அரிப்புக்கு லோஷன் தேடும் முன் பாஸ்பரஸ் ரிப்போர்ட்டைப் பார்ப்பது நல்லது.

இன்சுலின் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் கெட்டபின் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்குவதால் பழைய அளவே சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளிவிடலாம். 'சர்க்கரை நோய் குணமாகிறது' என்று சிலர் சந்தோஷப்படுவது இதைப் பார்த்துத்தான். டயாலிசிஸ் நாள் காலையில் பி.பி. மாத்திரை போடலாமா, எது எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் வெளியே போய் வரும் சிகிச்சை என்பதால் மஞ்சள் காமாலைக் கிருமிகளின் பயம் உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள், ஏனென்றால் இவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி மெதுவாகத்தான் உருவாகும். போட்டபின் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று டெஸ்டும் செய்ய வேண்டும். சில மையங்களில் ஃபில்டரைக் கழுவி அதே ஆளுக்குத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். முறையாகச் செய்தால் தவறில்லை. ஆனால் மாட்டும் முன் அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

பணம், வீடு, மனசு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடக்கம். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலில் உள்ள தனியார் மையங்களிலும் செய்துகொள்ளலாம். 2016இல் மத்திய அரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டத்தால் மாவட்ட மருத்துவமனைகளிலும் மெஷின்கள் வந்தன. சென்னையில் 1993 முதல் இயங்கும் டேங்கர் ஃபவுண்டேஷன் போன்ற தொண்டு நிறுவனங்களும் உதவுகின்றன. ஆனால் சிகிச்சை இலவசம் என்பதாலேயே செலவு இல்லை என்றாகிவிடாது. வாரம் மூன்று முறை ஆட்டோ, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, வெளிச் சாப்பாடு என்று போய்க்கொண்டே இருக்கும். தூரம்தான் பிரச்சினை என்றால், வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுத்து வீட்டிலேயே செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கும், மறுநாள் தெளியும். வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஷிஃப்ட் கேட்டு வாங்கலாம். ஊர்ப் பயணமும் தடையில்லை. போகிற ஊரில் ஒரு மையத்தில் முன்பே இடம் சொல்லிவைத்து, கடைசி டயாலிசிஸ் குறிப்பையும் வைரஸ் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துப்போனால் போதும். வீட்டில் உள்ளவர்கள் அக்கறையால் போலீஸ்காரர்களாகிவிடுவதுதான் இன்னும் கடினமான விஷயம். ஒவ்வொரு டம்ளருக்கும் "ஏம்பா, போதும்பா" என்று ஒரு குரல் வந்தால், ஒளித்துக் குடிக்கத்தான் தோன்றும். எல்லோருக்கும் ஒரே குழம்பு, அதுவும் உப்புக் குறைவாக, தேவைப்படுபவர் இலையில் போட்டுக்கொள்ளட்டும் என்று மாற்றிய வீடுகளில் சண்டை குறைவு. தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தாம்பத்தியத்தில் நாட்டமோ சக்தியோ இல்லாமல் போவது, மூன்றுமே இந்த நோயில் மிகச் சாதாரணம். மூன்றுக்குமே மருத்துவ உதவி உண்டு. வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, டாக்டர்களும் கேட்பதில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ளத் தகுதி இருப்பவர்களுக்கு டயாலிசிஸைவிட அது நல்ல வாழ்க்கையைத் தரும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1971லேயே அது வெற்றிகரமாக நடந்திருக்கிறது. வீட்டில் கொடுக்க ஆள் இல்லையென்றால், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளுக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வரிசையில், பதிவு பெற்ற மருத்துவமனை வழியாகப் பெயர் கொடுக்கலாம். வரிசை நீளம்தான், அதனால் டயாலிசிஸ் ஆரம்பித்த கையோடு விசாரிக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் தேவையில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிறர் ரத்தம் ஏறஏற, பிறர் உறுப்பை எதிர்க்கும் புரதங்கள் (ஆன்டிபாடி) உடம்பில் பெருகி, பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது அரிதாகிவிடும். ஹீமோகுளோபின் குறைந்தால் முதலில் கேட்க வேண்டியது இரும்புச்சத்தையும் எரித்ரோபாய்டின் ஊசியையும். சொத்தைப் பல், ஆறாத புண், நாள்பட்ட இருமல் எதுவானாலும் இப்போதே சரிசெய்து கொள்ளுங்கள். வரிசையில் உங்கள் முறை வந்து நள்ளிரவில் போன் அடிக்கும்போது, உடம்பில் எங்காவது கிருமி இருந்தால் அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விடும்.